பாமினியைத் தொலைத்த கணினி

மட்டக்களப்பு நகரிலிருந்து திருகோணமலை வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர், பனிச்சங்கேணிப் பாலத்தைக் கடந்து, ஒரு புறம் கடலும் மறுபுறம் களப்பும் துணைவர வாகரையை அடைவர். ஏறத்தாழ அறுபது கிலோமீற்றர்ப் பயணம். அங்கே வாழும் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவரின் அழைப்பை ஏற்று நாம் அண்மையில் ஒரு நாள் சென்றிருந்தோம். மீன் குழம்பும் சோறும் உண்டு, மாலைவரை பேசிக் களித்துத் திரும்பலாம் என்பதே நமது எண்ணமாக இருந்தது. ஆனால் ஆசிரியர் நம்மை அழைத்த காரணம் வேறு. வாசலில் செருப்பைக் கழற்றியதும், நேரே உள்ளறைக்கு அழைத்துச் சென்று தமது கணினியின் முன் இருத்தினார்.

"எல்லாம் இருக்கு ஐயா. ஆனா ஒண்டும் விளங்குதில்ல" என்றார்.

திரையைப் பார்த்தோம். ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளும் காற்புள்ளிகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடந்தன. எந்த மொழியும் அன்று. நண்டு ஊர்ந்த மணல் போல இருந்தது.

பதினைந்து ஆண்டுகளாக இவ்வாசிரியர் ஒரு வேலையைச் செய்து வந்திருக்கிறார். களப்பில் மீன்பிடிப்போர் வழங்கும் சொற்கள், மூதாட்டியர் பாடும் தாலாட்டுக்கள், ஊரின் குடிவழிகள் ஆகியவற்றை வீடு வீடாகச் சென்று கேட்டுத் தட்டச்சுச் செய்து வைத்தார். மட்டக்களப்புப் பகுதியில் குடி என்பது தாய்வழி வருவது என்பதை வாசகர் பலர் அறிவர். ஆதலால் யார் எவருக்கு என்ன முறை என்பதை எழுதி வைப்பது இங்கே வெறும் பொழுதுபோக்கன்று. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் கடல் பொங்கி வந்தபோது வாகரைக் கரையோரத்தில் மனிதர் மாத்திரம் அழியவில்லை. படங்கள், கடிதங்கள், பிறப்புச் சான்றிதழ்கள் யாவும் அள்ளுண்டு போயின. பின்னர் 2006 ஆம் ஆண்டின் இறுதியிலும் 2007 ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் போர் காரணமாக ஊரே வெளியேறியது. எஞ்சியிருந்த தாள்களும் அப்போது போயின. எஞ்சியவற்றுள் மிகப் பெரியது முதியோரின் நினைவு ஒன்றுதான். அந்த நினைவைத்தான் ஆசிரியர் கணினிக்குள் ஏற்றி வந்தார்.

சென்ற ஆண்டு அக்கணினியின் வன்தட்டு பழுதடைந்து நின்றுவிட்டது. ஆசிரியர் அஞ்சவில்லை. ஏனெனில் அவருடைய மருமகன், அதாவது தமக்கையின் மகன், கட்டார் நாட்டுக்கு வேலைக்குப் போகுமுன் மாமாவுக்கு ஒரு நல்ல பழக்கத்தைக் கற்பித்துச் சென்றிருந்தான். வாரம் ஒருமுறை கோப்புக்கள் அனைத்தையும் பென் டிரைவில் பிரதி செய்து வைப்பது. ஆசிரியர் அதனைத் தவறாது செய்து வந்தார். புதிய கணினி ஒன்று வாங்கினார். பென் டிரைவைச் செருகினார். கோப்புக்கள் ஒன்றுகூடக் குறையாமல் வந்து சேர்ந்தன. திறந்தபோதுதான் நாம் மேலே கூறிய நண்டுக்கால் எழுத்துக்கள் தோன்றின.

காரணம் யாதெனின், அவர் எழுதியது பாமினி எழுத்துருவில். யூனிக்கோட் முறை பரவுவதற்கு முன் இலங்கைத் தமிழர் கணினியில் எழுதியவற்றுள் பெரும்பகுதி பாமினியிலேயே எழுதப்பட்டது. இன்றும் அதனை விடாதவர் பலர். இம்முறையில் கணினி தனக்குள் பதித்து வைப்பது தமிழ் எழுத்தை அன்று; ஆங்கில எழுத்தையும் குறியையுமே. பாமினி என்னும் எழுத்துரு அவற்றின்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. போர்வை இல்லாத இடத்தில் உள்ளே இருப்பது வெளிப்பட்டு விடும். பழைய கணினியில் அந்த எழுத்துரு இருந்தது. ஆனால் அஃது ஆசிரியரின் கோப்புக்களோடு இருக்கவில்லை. விண்டோஸ் என்னும் பணிசெயல் முறைமையின் வயிற்றுக்குள் இருந்தது. பென் டிரைவில் ஏறியவை கோப்புக்கள் மட்டுமே.

இந்தக் குறை எளிதில் நீங்கியது. பாமினி எழுத்துரு கிடைப்பதற்கு அரிதன்று. நாம் அங்கிருந்தபோதே அதனை நிறுவினோம். தாலாட்டுக்கள் தமிழாகித் திரையில் எழுந்தன. ஆசிரியர் ஒரு பெருமூச்சு விட்டார். ஆயினும் அவர் முகம் முழுதும் தெளியவில்லை. குடிவழிகளைத் திறந்து காட்டும்படி கேட்டார்.

அங்கேதான் நாமும் தோற்றோம். குடிவழிகளை அவர் ஒரு பழைய செயலியில் பதிந்திருந்தார். அச்செயலி வந்த இறுவட்டு எங்கோ போய்விட்டது. அதை வெளியிட்டவர்களும் இப்போது அதனைத் தருவதில்லை. தரவுக் கோப்பு கையில் இருக்கிறது; அதனை வாசிக்கும் வாய்தான் இல்லை. சொன்ன முதியோரிற் சிலர் காலமாகிவிட்டனர். எஞ்சியோரிடம் மீண்டும் சென்று கேட்டு எழுதும் வேலையை ஆசிரியர் தொடங்கியிருக்கிறார். அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது.

கோப்புக்களைப் பிரதி செய்வது காப்பின் ஒரு பாதியே என்பதை நாம் இவ்வாறு நேரிற் கண்டோம். மறுபாதி, கோப்புக்கள் எந்தச் சூழலில் உயிரோடு இருக்கின்றனவோ அந்தச் சூழல் முழுவதையும் எடுத்து வைப்பது. கணினிக் கடைகளில் இதனை 'இமேஜ் எடுப்பது' என்பார்கள். நாம் வட்டுப் படிமம் என்று கூறுவோம்.

படிமம் என்பது சாதாரணப் பிரதியிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது? மாணவ வாசகர்களுக்காகச் சற்று விரிவாகவே சொல்கிறோம். இக்காலத்து விண்டோஸ் கணினி ஒன்றின் வட்டு ஒரே அறையன்று. பல அறைகளாகப் பிரிக்கப்பட்டது. முதலில் நூறு மெகாபைட் அளவில், கண்ணுக்குத் தெரியாத ஒரு சிற்றறை இருக்கும். கணினியை எழுப்பும் நிரல் அங்கேதான் குடியிருக்கிறது. அடுத்தது நாம் 'சி' என்று அழைக்கும் பேரறை. இதனுள் விண்டோஸும் செயலிகளும், எழுத்துருக்களும், எந்தச் செயலி எங்கே, எவ்வாறு நிறுவப்பட்டது என்று குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரி என்னும் பெரும் பதிவேடும் உள்ளன. பழுது நேர்ந்தால் சரிசெய்யும் கருவிகள் இன்னோர் அறையில் இருக்கும். 'சி' யில் உள்ளவற்றையெல்லாம் சுட்டியால் தெரிவு செய்து வேறு வட்டுக்கு இழுத்துப் போட்டால் கணினி எழுந்திருக்குமோவென்றால், எழுந்திராது. முதற் சிற்றறை வராது. ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் தன் பதிவேடு முதலிய கோப்புக்களைப் பூட்டி வைத்திருப்பதால் அவையும் வரமாட்டா. வீட்டுத் தளபாடங்களை மாட்டுவண்டியில் ஏற்றிச் சென்றால் வீடு போய்ச் சேராது அல்லவா?

படிமச் செயலியோ அறைகளின் எல்லை, எழுப்பு நிரல், பதிவேடு, மறைந்த கோப்புக்கள் அனைத்தையும் வட்டில் உள்ளபடியே, உள்ள வரிசையிலேயே, ஒரே பெருங்கோப்பாக எடுத்து வைக்கிறது. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுக்கும் செயலிகள், வட்டின் ஒரு கணத்து நிலையை உறையவைத்து, அந்த நிலையையே பிரதி செய்யும். இடையில் நாம் எழுதும் எழுத்து அதிற் கலப்பதில்லை. வெற்றிடத்தைப் பெரும்பாலான செயலிகள் விட்டுவிடும். ஆகையால் 500 ஜிகாபைட் வட்டில் 70 ஜிகாபைட்டே நிறைந்திருந்தால், படிமமும் அவ்வளவிலோ, சுருக்கத்தால் அதனினும் குறைவாகவோ அமையும்.

இக்கலையை வீட்டுக் கணினிகளுக்குக் கொண்டு வந்தவற்றுள் பேர்பெற்றது 'கோஸ்ட்' என்னும் செயலி. நியூசிலாந்தின் ஓக்லாந்து நகரில், 1990 களின் நடுவில் மறி ஹசார்ட் என்பவர் இதனை எழுதினார். 1998 இல் சிமான்டெக் நிறுவனம் வாங்கி 'நோர்ட்டன் கோஸ்ட்' என்று உலகெங்கும் விற்றது; 2013 இல் விற்பனையை நிறுத்தியது. பேயின் பெயரை வைத்துக்கொண்டு இறந்த கணினிகளை எழுப்பிய செயலி அது! இப்போது இலவசமாகக் கிடைப்பவற்றுள் தாய்வானில் ஆக்கப்பட்ட 'குளோன்சில்லா' ஒன்று. ஆற்றல் மிக்கது, ஆனால் அதன் திரை கறுப்பும் நீலமுமாக நின்று கேட்கும் கேள்விகளுக்கு, புதியவர் தடுமாறாமல் விடையளிப்பது அரிது. தவறான வட்டைத் தெரிவு செய்தால் இருப்பதும் அழியும். விண்டோஸிலேயே படிமம் எடுக்கும் வசதி ஒன்று விண்டோஸ் 7 காலம் முதல் இருந்து வருகிறது. பதினோராவது பதிப்பிலும் 'கண்ட்ரோல் பெனல்' மூலையில் அது கிடக்கிறது. எனினும் 2017 முதல் மைக்ரோசொஃப்ட் நிறுவனம் அதனை வளர்ப்பதைக் கைவிட்டு, பிற செயலிகளை நாடுமாறு கூறிவிட்டது. பலர் நம்பியிருந்த 'மக்ரியம் ரிஃப்ளெக்ட்' செயலியின் இலவசப் பதிப்பும் 2024 சனவரியோடு முடிந்தது. இதனால் நாம் சொல்வது, படிமத்தை எடுத்த செயலியையும் அதன் மீட்புப் பென் டிரைவையும் படிமத்துடனேயே சேர்த்து வைக்க வேண்டும் என்பதே. இல்லையேல் ஆசிரியரின் குடிவழிக் கோப்புக்கு நேர்ந்ததே படிமத்துக்கும் நேரும்.

வாகரைக்கு மீள்வோம். புதிய கணினிக்காவது படிமம் எடுத்து வைப்போம் என்று ஆசிரியரும் நாமும் துணிந்தோம். வெளி வட்டு ஒன்றை அவர் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தார். முதல் முயற்சி தொடங்கிய சில நிமிடங்களிலேயே நின்றுவிட்டது. வெளி வட்டு ஃபாட்32 என்னும் பழைய முறையில் அமைக்கப்பட்டிருந்தது. அம்முறையில் 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட தனிக் கோப்பை வைக்க முடியாது. என்டிஎஃப்எஸ் முறைக்கு மாற்றியபின் வேலை ஓடிற்று. முக்கால் மணி நேரத்தில் படிமம் முடிந்தது, சரிபார்ப்பும் முடிந்தது. ஆசிரியர் தேநீருக்குச் சொன்னார்.

நாம் மட்டும் எழவில்லை. எடுத்துப் பார்க்காத படிமத்தை நாம் நம்புவதில்லை. இதில் நமக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு என்று வீட்டில் உள்ளோரும் சொல்வார்கள். ஆனால் பெரியவர்களும் இங்கேதான் வழுக்கியிருக்கிறார்கள். உலகெங்குமுள்ள நிரலாளர்கள் தம் ஆக்கங்களை வைக்கும் கிட்லாப் நிறுவனத்தில், 2017 சனவரி 31 ஆம் நாள் ஊழியர் ஒருவர் தவறுதலாகத் தரவுத்தளம் ஒன்றை அழித்துவிட்டார். காப்பு முறைகள் ஐந்து இருந்தன. கைநீட்டியபோது ஒன்றும் உரியவாறு வேலை செய்யவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் வேறு காரணத்துக்காகத் தற்செயலாக எடுத்து வைத்திருந்த பிரதியே அவர்களைக் காப்பாற்றியது. அந்நிறுவனம் இதனை மறைக்காமல் தானே வெளியிட்டது பாராட்டத் தக்கது.

ஆகவே, அயலிலிருந்த இளைஞர் ஒருவரிடம் அதே கொள்ளளவுள்ள பழைய வட்டு ஒன்றை இரவல் வாங்கி, அதன்மேல் படிமத்தை இறக்கி ஒத்திகை பார்க்க முற்பட்டோம். உள்ளே இருக்கும் ஒரே வட்டின்மேல் ஒத்திகை பார்ப்பது அறிவன்று. ஒத்திகை தவறினால் நாடகமே இல்லை. மீட்புப் பென் டிரைவைச் செருகிக் கணினியை எழுப்பினோம். எழவில்லை. உதவ வந்த இளைஞர் அவசரக்காரர். 'செக்கியூர் பூட்' என்னும் காவலை நிறுத்திப் பார்ப்போமே என்று, நாம் தடுக்குமுன் நிறுத்திவிட்டார். அப்போதும் அது எழவில்லை. பென் டிரைவைக் கழற்றிவிட்டு வழக்கம்போல் கணினியை எழுப்பினால், நீலத் திரையொன்று தோன்றி நாற்பத்தெட்டு இலக்கமுள்ள மீட்புச் சாவியைக் கேட்டது.

ஆசிரியரின் முகத்தைப் பார்க்க நமக்குத் துணிவில்லை. காப்பு எடுக்க வந்தவர்கள் இருந்ததையும் பூட்டிவிட்டோம்!

அண்மைக் கால விண்டோஸ் கணினிகள் பலவற்றில் வட்டு முழுவதும், உரியவர் கேளாமலே, பூட்டப்பட்டு மறைகுறியாக்கப்படுகிறது. திருடன் கையில் அகப்பட்டாலும் வாசிக்க முடியாதிருப்பதற்காக அமைந்த நல்ல ஏற்பாடு அது. ஆனால் எழுப்பும் முறையில் மாற்றம் கண்டால் அது திருடனையும் வீட்டுக்காரரையும் வேறு பிரித்து அறியாது. சாவி எங்கே? கணினியை முதன்முதல் அமைத்தபோது எந்த மைக்ரோசொஃப்ட் கணக்கைக் கொடுத்தோமோ அங்கே இருக்கும். ஆசிரியர் கொடுத்தது தம் கணக்கையன்று. தொலைபேசியில் வழிகாட்டிய மருமகனின் கணக்கை. கட்டாருக்கு அழைத்தோம். அவன் வேலைத்தளத்தில் இருந்தான். இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். பின்னர் அவன் அழைத்து, "மாமா, எழுதிக்கொள்ளுங்க" என்று ஆறு ஆறு இலக்கங்களாகச் சொல்லச் சொல்ல, ஆசிரியர் பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப்போல் குனிந்து எழுதினார். எட்டாவது தொகுதியைத் தட்டியதும் விண்டோஸ் திறந்தது.

அன்று அந்த ஒத்திகையைச் செய்திராவிட்டால், என்றோ ஒரு நாள் உண்மையான ஆபத்தின்போது, மருமகனின் தொலைபேசி எண்ணும் மாறியிருக்கும் வேளையில், அதே நீலத் திரை தோன்றியிருக்கும்.

மீட்புப் பென் டிரைவை விண்டோஸுக்கு உரிய முறையில் மீண்டும் ஆக்கினோம். இம்முறை காவலை நிறுத்தாமலே எழுந்தது. இரவல் வட்டில் படிமத்தை இறக்கினோம். அதனையே உள்ளே பொருத்தி எழுப்பியபோது அதே பின்புலப் படம், அதே செயலிகள், பாமினியில் அதே தாலாட்டு. ஆசிரியர் ஒரு வரியை வாய்விட்டு வாசித்துப் பார்த்தார். பிறகு பழையபடி சொந்த வட்டை மாட்டி, இரவல் வட்டில் இறக்கியதைத் துடைத்து உரியவரிடம் கொடுத்தோம். படிமத்தில் உள்ளவை பூட்டப்படாதவை. யார் கையிலும் அதனை விட்டு வைத்தல் ஆகாது.

இனிச் சில குறிப்புக்கள். படிமம் கணினியின் நலத்தையும் பதியும், நோயையும் பதியும். வைரஸ் புகுந்த பின் எடுத்த படிமம் வைரஸுடனேயே மீளும். ஆதலால் புதிதாக விண்டோஸ் நிறுவி, செயலிகளும் எழுத்துருக்களும் ஏற்றி முடிந்த நாளிலே எடுத்த முதற் படிமத்தை என்றும் அழிக்கலாகாது. அதற்குப் பின் எடுப்பவற்றுள் இரண்டையாவது வைத்துக்கொண்டே மூன்றாவதை எடுக்க வேண்டும். மாதம் ஒருமுறை படிமம் போதும். எழுதும் கோப்புக்களுக்கு ஆசிரியரின் வாராந்தப் பென் டிரைவ் வழக்கமே சிறந்தது, அதனை விடலாகாது. வேலை முடிந்ததும் வெளி வட்டைக் கழற்றிவிடுக. பணம் பறிக்கும் நச்சு நிரல்கள் மாட்டியிருக்கும் வட்டுக்கள் அனைத்தையும் பூட்டும். மழைக்கால மின்னலும் மாட்டியிருப்பதைத்தான் தேடிவரும். வன்தட்டு கரகரக்கத் தொடங்கினால், பழுது பார்க்கக் கொடுக்குமுன் படிமம் எடுக்கச் சொல்லுக. அந்த ஆசிரியரின் பழைய வட்டும் நிற்பதற்கு முன் ஒரு கிழமை சத்தமிட்டதாம். அன்று எடுத்திருந்தால், அந்தப் படிமத்தைப் புதிய கணினிக்குள்ளேயே ஒரு மெய்நிகர் கணினியாக எழுப்பி, பழைய செயலியில் குடிவழிகளை இன்றும் வாசித்திருக்கலாம்.

வெளி வட்டை எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தது. ஆசிரியர் மேசை இழுப்பறையைக் காட்டினார். நாம் அவரிடம் காணி உறுதியைப் பற்றிக் கேட்டோம். நம் நாட்டு வழக்கப்படி நொத்தாரிசு எழுதும் உறுதியில் ஒன்று காணிக்காரரிடம் இருக்கும். ஒன்று நொத்தாரிசின் ஏட்டுக் கட்டில் இருக்கும். இன்னொன்று காணிப் பதிவகத்துக்குப் போகும். வீட்டை வெள்ளம் கொண்டுபோனாலும் உறுதி அழியாதது இதனால்தான். மட்டக்களப்பு நாட்டுக் கண்ணகி கோயில்களிற் படிக்கப்படும் கண்ணகி வழக்குரை, ஊருக்கு ஊர் ஏட்டுப் பிரதிகள் இருந்தமையாலேயே பிழைத்து அச்சேறியது. மாறாக, 1981 சூன் முதலாம் நாள் அதிகாலை யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அவற்றுள் வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் இருந்தன. 2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களைப் படியெடுத்து வைக்கும் பணியைச் செய்வதன் அருமை இதனை அறிந்தோர்க்கு விளங்கும்.

இணையத்தில் ஏற்றலாமே என்று நகரத்து வாசகர் கேட்பர். தாலாட்டுக் கோப்புக்களை ஏற்றலாம், அவை சிறியவை. எழுபது ஜிகாபைட் படிமத்தைக் கைத்தொலைபேசித் தரவில் வாகரையிலிருந்து ஏற்றும் செலவுக்கு இன்னொரு வெளி வட்டே வாங்கிவிடலாம் என்று ஆசிரியர் கணக்குப் பார்த்துச் சொன்னார்.

அவ்வாறே செய்தார். சென்ற வாரம் அவரிடமிருந்து செய்தி வந்தது. இரண்டாவது வட்டை ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தோடு டப்பாவில் அடைத்து, திகதியும் செயலியின் பெயரும் எழுதி ஒட்டி, மட்டக்களப்பு நகரிலுள்ள தமக்கை வீட்டுக்குத் தாமே பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். நாற்பத்தெட்டு இலக்கங்களை எழுதிய தாள் காணி உறுதியோடு இருக்கிறதாம். குடிவழியில், இதுவரை நான்கு வீடுகள் மீண்டும் எழுதி முடிந்தன என்றும் எழுதியிருந்தார். ஐந்தாவது வீட்டு மூதாட்டிக்குக் காது மந்தமாம். பேத்தி விடுமுறைக்கு வரும்வரை காத்திருக்கிறார்.